வாயின் நோவும் மனத்தின் சுமையும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் பள்ளித் தலைமையாசிரியர் பேச எழுந்தால், தேர்ச்சி விழுக்காடு, உதவித்தொகை, உயர்கல்வி ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவார் என எதிர்பார்ப்பது இயல்பே. அவற்றைப் பற்றிப் பேச இம்மேடையில் வேறு அறிஞர்கள் அமர்ந்திருக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வாய். பல்லிலும் நாவிலும் தாடையிலும் தோன்றி, மருத்துவர் எவ்வளவு நுணுகிப் பார்த்தாலும் காரணம் புலப்படாத நோவுகளும், அவற்றில் மனம் கொள்ளும் பங்கும் பற்றிச் சில கூற விழைகிறோம். நாம் மருத்துவரல்லோம். எனினும், இவ்வறியாமையால் நம் குடியிருப்புகளில் வீணாகும் பணமும் பற்களும் கொஞ்சமல்ல என்பதனால் இதுவும் கல்விச் சங்கம் கவனிக்க வேண்டிய பொருளே எனக் கருதுகிறோம்.

மனத்துக்கும் வாய்க்கும் உள்ள உறவை நம் மக்கள் பேச்சு நெடுங்காலமாக அறிந்து வைத்திருக்கிறது. வறுமையில் காலந்தள்ளியவர், "பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளைகளை ஆளாக்கினேன்" என்கிறார். இழவு வீட்டில், "சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை" என்கிறார்கள். அஞ்சியவனுக்கு நா உலர்கிறது. அவமானப்பட்டவனுக்கு வாயடைத்துப் போகிறது. கவலையில் கிடப்பவனுக்கு வாய் கசக்கிறது. இவற்றை வெறும் சொல்லலங்காரம் என்று தள்ளிவிட இயலாது. அச்சத்தில் உமிழ்நீர் குறைவதும் சினத்தில் தாடைத் தசைகள் இறுகுவதும் உடலில் மெய்யாகவே நிகழ்வன. இந்நிலை ஒரு நாழிகையில் தீர்ந்தால் அது உணர்ச்சி. மாதக்கணக்கில் தீராதிருந்தால் அது நோவாக நம்மிடம் பேசத் தொடங்குகிறது.

திருநள்ளாற்றை அடுத்த குடியிருப்பு ஒன்றில் நாம் அறிந்த தாய் ஒருவர் இருக்கிறார். வயது ஐம்பதைக் கடந்தவர். நடவுக்கும் களைக்கும் செல்பவர். கீழ்த்தாடையில் வலப்புறக் கடைவாய்ப்பல் வலிக்கிறது என்று ஒரு பல் வைத்தியரிடம் சென்றார். பல் பிடுங்கப்பட்டது. பத்து நாளில் வலி அடுத்த பல்லுக்கு வந்தது, அதுவும் பிடுங்கப்பட்டது. மூன்றாவது பல்லும் போன பிறகு, பல்லே இல்லாத ஈற்றில் வலி நின்றது. அத்துடன் நாவும் எரியத் தொடங்கிற்று. காலையில் ஒன்றுமிராது. உச்சிப்பொழுதில் தொடங்கி விளக்கேற்றும் நேரத்தில் மிளகாயை அரைத்துத் தேய்த்தாற்போல் எரியும். ஒவ்வொரு முறையும் மருத்துவக் கட்டணம், பேருந்துச் செலவு, அன்றைய கூலி இழப்பு. அக்கம்பக்கத்தார் சூடு என்றனர், வாய்வு என்றனர், கண்ணேறு என்றனர். பிறிதொரு மருத்துவர் வாயைப் பார்த்துவிட்டு, "உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை, போ" என்று அனுப்பிவிட்டார்.

இவ்விரண்டும் தவறு. முன்னவர் வலியை மட்டும் கண்டு பல்லைப் பறித்தார். பின்னவர் பல்லை மட்டும் கண்டு வலியை மறுத்தார். அத்தாயின் கணவர் இறந்த ஆண்டும், மூத்த மகள் இரு குழந்தைகளுடன் பிறந்தகம் திரும்பிய ஆண்டும், வலி தொடங்கிய ஆண்டும் ஒன்றே என்பதை இருவருமே கேட்டறியவில்லை. கேட்கப்படாததை அவரும் கூறவில்லை. பல்லுக்கு வந்த இடத்தில் பிள்ளையின் கதையை எவரேனும் கூறுவரோ?

இந்த எரிச்சலை மருத்துவ உலகம் நன்கறியும். வாயெரிச்சல் நோய்க்குறி என்று இதற்குப் பெயர். நாவிலோ உதட்டிலோ மேலண்ணத்திலோ நாள்தோறும் இரண்டு மணி நேரத்திற்கு மேல், மூன்று மாதங்களுக்கு மேல் எரிச்சல் நீடித்து, பார்வைக்குப் புண்ணோ சிவப்போ இன்றி, ஆய்விலும் வேறு காரணம் கிட்டாதிருந்தால் அதனை இப்பெயரால் குறிக்கின்றனர். சுவீடன் நாட்டில் 1,427 பேரை ஆராய்ந்து 1999-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வொன்றில் பெண்களில் 5.5 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 1.6 விழுக்காட்டினருக்கும் வாயெரிச்சல் இருக்கக் கண்டனர். மாதவிடாய் நின்ற பருவத்துப் பெண்களிடமே இது மிகுதி. ஆக, நம் தாய்மார்கள் கூறுவது திருநள்ளாற்றுக் கற்பனையன்று. பனி பெய்யும் நாட்டிலும் அதே நோவுதான்.

கண்ணுக்குத் தெரியாத வலி எங்ஙனம் மெய்யாகும் என்று இளைஞர்கள் வினவலாம். வலியை நாம் பல்லில் உணர்கிறோம். ஆயினும் வலி என்னும் அனுபவம் உருவாவது மூளையில். முகத்தின் உணர்ச்சிகளையெல்லாம் மூளைக்குக் கொண்டுசெல்வது முக்கிளை நரம்பு. உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் மூளையின் மேற்பரப்பில் ஒதுக்கப்பட்ட இடத்தை, 1937-இல் கனடாவில் பென்பீல்டு என்னும் அறுவை மருத்துவரும் அவருடைய துணைவரும் வரைந்து காட்டினர். அதில் உதடும் நாவும் பெற்ற இடம் அவற்றின் அளவுக்கு மிஞ்சிப் பெரிது. முதுகு முழுவதும் பெற்றது சிறிது. எனவேதான் பல்லிடுக்கில் சிக்கிய சிறு நார் நாவுக்குக் கயிறாகத் தோன்றுகிறது. மேலும், வலிச் செய்தி மூளையை எட்டும் வழியில் வாயிற்கதவு போன்ற ஓர் அமைப்பு உண்டென்றும், அதனைத் திறப்பதிலும் அடைப்பதிலும் மூளைக்கும் பங்கு உண்டென்றும் 1965-இல் மெல்சாக், வால் ஆகிய இருவர் விளக்கினர். அவர்கள் கூறிய அமைப்பு பின்னர்ப் பலவாறு திருத்தப்பட்டிருப்பினும், கவலையும் உறக்கமின்மையும் வலியைப் பெருக்கும் என்பதில் இன்று ஐயமில்லை. வாயெரிச்சலிலோ, நாவின் மெல்லிய நரம்பிழைகளிலும் மாறுதல் காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. அதாவது, மனம் வேறு நரம்பு வேறு என்று கோடு கிழிக்க இயலாத இடம் இது. வலி பற்றி ஆராயும் பன்னாட்டுக் கழகம் 2020-இல் திருத்தி வெளியிட்ட விளக்கத்தில், வலி உண்டு என்று ஒருவர் கூறினால் அக்கூற்றை மதிக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறது. நம் மக்கள் மருத்துவமனை வாயிலில் நின்று கேட்க வேண்டிய நீதி அதுவே.

பல்லைப் பிடுங்கியும் வலி தீராமை புதிதன்று. இலண்டன் மாநகரில் புகழ்பெற்றிருந்த ஜான் ஹன்டர் என்னும் அறுவை மருத்துவர், பல் நோய்கள் பற்றி 1778-இல் எழுதிய நூலிலேயே இதனைக் குறிப்பிட்டிருக்கிறார். வலிக்கும் பக்கத்துப் பற்கள் யாவும் எடுக்கப்பட்ட பின்னரும் தாடையில் வலி நீங்காதோரை அவர் கண்டிருந்தார். போரில் காலிழந்தவனுக்கு இல்லாத கால் வலிப்பது போலவே, இல்லாத பல்லும் வலிப்பதுண்டு. இல்லாத உறுப்பின் வலியை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர்களுள் ஒருவர் நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன். கையிழந்த ஒருவரின் கன்னத்தைத் தொட்டபோது இல்லாத கையைத் தொட்டாற்போல் அவர் உணர்ந்ததையும், மூளையின் வரைபடத்தில் முகமும் கையும் அண்டை வீடுகளாக இருப்பதே அதற்குக் காரணம் என்பதையும் அவர் 1990-களில் விளக்கினார். ஆகவே, "பல் போயிற்றே, வலி எங்கிருந்து வரும்?" என்று அத்தாயைக் கேலி செய்தவர்கள் சற்றே நா அடக்கியிருக்கலாம்.

1895-இல் வியன்னாவில் பிராயரும் பிராய்டும் சேர்ந்து வெளியிட்ட நூலில் இதற்கு மிக அணுக்கமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. புனைபெயரால் குறிக்கப்பட்ட ஒரு மாதரசிக்குப் பதினைந்து ஆண்டுகளாக முகத்தில் கடும் வலி. பற்களே குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, ஏழு பற்கள் எடுக்கப்பட்டன. வலி மீண்டும் வந்தது. பின்னர்ப் பிராய்டிடம் பேசுங்கால், கணவர் முன்னொரு நாள் கூறிய சுடுசொல் ஒன்று அவருக்கு நினைவு வந்தது. கன்னத்தைக் கையால் பற்றிக்கொண்டு, அது கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது என்று அவர் அலறினாராம். நம் தமிழிலும் அதே சொல்வழக்கு உண்டன்றோ! பிராய்டின் கொள்கைகள் அனைத்தையும் இன்றைய மருத்துவர்கள் ஏற்பதில்லை. நாமும் ஏற்கச் சொல்லவில்லை. ஒருமுறை பேசியதும் வலி பறந்துவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம். ஏழு பற்களைப் பிடுங்கும் வரை அம்மாதரசியின் வாழ்க்கையை அப்பல் வைத்தியர்கள் கேட்டறிந்ததாகத் தெரியவில்லை என்பதே நாம் இங்கு நோக்க வேண்டியது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகக் கூற வேண்டும். காரணம் தெரியாத யாவற்றையும் மனத்தின் தலையில் ஏற்றிவிடலாகாது. "மனப்பிரமை" என்னும் சொல் ஏழைக்கும் பெண்ணுக்கும், அதிலும் நம் மக்களுக்கும், எளிதில் கிடைக்கும் சொல்லாக இருக்கிறது. பணம் படைத்தவருக்குப் பத்து ஆய்வுகள். நம்மவருக்கு ஒரு சொல். ஆய்வெல்லாம் முடிந்து ஒன்றும் கிட்டாதபோதுதான் மேற்கண்ட நோய்க்குறி என்னும் பெயர் பொருந்தும். இரும்புச் சத்துக் குறைவும் பி-12 வைட்டமின் குறைவும் நாவை எரியச் செய்யும். கஞ்சியும் ஊறுகாயுமாக உண்டு வயலில் உழைக்கும் பெண்களிடம் இவை அரிதல்ல. நீரிழிவு எரியச் செய்யும். வாயில் படரும் பூஞ்சை எரியச் செய்யும். பொருந்தாத செயற்கைப் பல்வரிசையும், இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் சில மாத்திரைகளும் எரியச் செய்யும்.

எல்லாவற்றிலும் கொடியது பாக்கு. வெற்றிலையுடனோ தனியாகவோ, கடையில் தொங்கும் பொட்டலமாகவோ, பாக்கை மென்றுகொண்டே இருப்பவர்க்கு வாயின் உட்தோல் வெளுத்து, நார் பாய்ந்து, விறைத்துப் போகும் நோய் ஒன்று உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இதனை 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டே நம் நாட்டில் ஜோஷி என்னும் மருத்துவர் இதனை விவரித்தார். இதன் முதல் அறிகுறி யாது தெரியுமா? காரம் பட்டால் வாய் எரிவது! பின்னர்ச் சிறுகச் சிறுக வாய் திறவாது போகும். சிலருக்குப் புற்றாகவும் மாறும். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்திருக்கிறது. ஆகவே, பாக்குப் போடும் ஒருவர் வாய் எரிகிறது என்றால் மனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பாக அவருடைய வாயைத் திறந்து பார்க்க வேண்டும். இரு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைப் படலமோ இருந்தால் ஒருநாளும் தாமதித்தலாகாது.

இனி இளைஞர்களுக்கென ஒன்று. தன் வாய் நாறுகிறது என்று நம்பிக்கொண்டு, பேசும்போது கையால் வாயை மூடுபவர்களையும், வகுப்பில் கடைசி வரிசையைத் தேடுபவர்களையும், நாளொன்றுக்கு ஐந்து முறை பல் துலக்குபவர்களையும் நாம் பள்ளியில் கண்டிருக்கிறோம். பிறருக்கு ஒரு மணமும் தெரிவதில்லை. ஜப்பானிய மருத்துவர்கள் இதனை நெடுங்காலம் ஆராய்ந்து, மெய்யான வாய்நாற்றம், இல்லாத நாற்றத்தை உண்டென்று எண்ணி விளக்கிக் கூறியதும் தெளிவது, எவ்வளவு விளக்கினும் தெளியாத அச்சம் என மூவகையாக 1999-இல் பிரித்தனர். மூன்றாவது வகையினர்க்கு வேண்டியது பற்பசையன்று. மனநல மருத்துவரின் துணை.

ஆனால், இவ்வச்சம் நம் பிள்ளைகளிடம் வேரூன்றும்போது அதற்கு வேறொரு வரலாறும் உண்டு. பேஷ்வாக்கள் ஆண்ட புனாவில் நம்மவர் எச்சில் தரையில் விழாதிருக்கக் கழுத்தில் மண்கலயம் கட்டித் தொங்கவிட வேண்டியிருந்தது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936-இல் எழுதிய "சாதி ஒழிப்பு" நூலில் எடுத்துக்காட்டினார். அவரே பள்ளிச் சிறுவனாய் இருந்தபோது தண்ணீர்க் குழாயைத் தாமாகத் தொட இயலாமல், பணியாள் இல்லாத நாளில் தாகத்தோடு இருந்திருக்கிறார். தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளின் தனிக்குவளையை இங்கு அமர்ந்திருக்கும் முதியோர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. சாதி தன் அருவருப்பைக் காட்டிய இடங்களுள் முதன்மையானது நம் வாய். உன் எச்சில் தீட்டு, உன் மூச்சு தீட்டு என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்ட செவிக்கு, வகுப்புத் தோழன் ஒருவன் முகத்தைத் திருப்பியதும் "என் வாய் நாறுகிறதோ" என்று தோன்றுவதில் வியப்பென்ன? ஒவ்வொரு நோவையும் இதனோடு முடிச்சுப் போட நாம் துணியவில்லை. அவமானத்தை விழுங்கிய வாய் அதனை எளிதில் மறப்பதில்லை என்பதை மட்டும், இத்துறை மருத்துவர்கள் நம் பிள்ளைகளைக் காணுங்கால் நினைவில் வைக்க வேண்டும்.

உறக்கத்தில் பற்களை நறநறவெனக் கடிப்பது இன்னொன்று. பொதுத்தேர்வுக் காலங்களில் காலை எழுந்ததும் தாடை வலிக்கிறது, பொட்டு வலிக்கிறது என்று கூறும் மாணவர் மிகுதி. வயிற்றுப் பூச்சி என்று மருந்து கொடுத்துக்கொண்டிராமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பற்கள் தேயாதிருக்க இரவில் அணியும் உறை உண்டு. தேர்வைப் பற்றிய மிரட்டலை வீட்டில் சற்றுக் குறைத்தாலும் நன்று.

நம் ஊர் சனீசுவரன் சந்நிதியால் உலகறிந்த ஊர். நாட்டின் எத்திசையிலிருந்தோ மக்கள் வந்து நளன் குளத்தில் மூழ்கி எழுகின்றனர். தீராத நோவுடையவர்க்கு ஏழரைச் சனி என்னும் சொல் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எவருடைய வழிபாட்டையும் குறை கூறுவது நம் நோக்கமன்று. குளித்தெழுந்து மனம் சற்று இலேசாகிறது என்போரை நாம் தடுக்கவில்லை. ஆயின், "சனி விலகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று இரண்டரை ஆண்டு காத்திருக்கும் வாயில் புற்றுநோய் காத்திருப்பதில்லை.

முற்கூறிய தாய் பின்னர் வெளியூர் அரசு மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றார். இரத்தச் சோகை இருந்தது. அதற்கு மருந்து தரப்பட்டது. புற்றுநோய் இல்லை என்று மருத்துவர் வாயைக் காட்டி விளக்கியபோதே பாதி பாரம் இறங்கியதாகக் கூறினார். இரண்டாண்டுகளாக அவர் உள்ளுக்குள் அஞ்சியது அதற்கே. எவரிடமும் வாய்விட்டுக் கேட்கவில்லை. வீட்டு நிலையை மருத்துவர் கேட்டறிந்தார். இரவில் உண்ணச் சிறு அளவில் ஒரு மாத்திரை எழுதினார். ஊருக்கு வந்ததும் மருந்துக்கடையில் ஒருவர், "இது மூளை மருந்தாச்சே!" என்று சொல்ல, அன்றே மாத்திரை குப்பைக்குப் போயிற்று. மனச்சோர்வுக்குப் பெரிய அளவில் தரப்படும் சில மருந்துகள் சிறிய அளவில் நரம்பு வலியைத் தணிக்கும் என்பதை அவருடைய மகளுக்கு நாம் எடுத்துரைத்து, மீண்டும் மருத்துவரிடம் அனுப்ப ஒரு மாதமாயிற்று. இப்பொழுதும் மாலையில் சிறிது எரிகிறது. ஆனால் மீன் குழம்பு உண்கிறார், நடவுக்குப் போகிறார், நான்காவது பல் இருந்த இடத்தில் இருக்கிறது.

மருந்தோடு, கவலையும் நோவும் ஒன்றையொன்று வளர்க்கும் முறையை நோயாளிக்கே உணர்த்திப் பழக்கும் பேச்சு மருத்துவமும் வாயெரிச்சலைத் தணிக்கிறது என்று 1995-இலேயே சுவீடனில் கண்டறிந்தனர். நமக்கு இவையெல்லாம் எட்டாக் கனிகள் என்று எண்ணற்க. புதுச்சேரி கோரிமேட்டில் அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனமும் ஜிப்மர் மருத்துவமனையும் இருக்கின்றன. 14416 என்னும் எண்ணில் டெலி மானஸ் என்னும் இலவச மனநல ஆலோசனை 2022 அக்டோபர் முதல் நாடெங்கும் நடைபெறுகிறது, தமிழிலும் பேசலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சாதி வேறுபாடின்றி மனநல மருத்துவம் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. மனநல மருத்துவரைக் காண்பவரெல்லாம் பைத்தியம் என்று பேசும் வாய்களைத்தான் நாம் முதலில் திருத்த வேண்டும்.

நம் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். மருத்துவமனைக்குச் செல்லும் நம் தாய்மார்கள் மருத்துவர் முன் நின்றதும் பாதியை மறந்துவிடுகின்றனர். மீதியைச் சொல்லக் கூசுகின்றனர். படித்த இளைஞர்கள் இருவர், ஒருவர் பெண்ணாக, மாதம் ஒரு நாள் அவர்களுடன் சென்றுவர முன்வரட்டும். நோவு எந்நாள் தொடங்கியது, எப்பொழுது மிகுகிறது, உண்ணும்போது குறைகிறதா, பாக்குப் பழக்கம் உண்டா, உண்ணும் மாத்திரைகள் எவை, அவ்வாண்டில் வீட்டில் என்ன நிகழ்ந்தது என்பனவற்றை ஒரு தாளில் முன்கூட்டியே எழுதிக் கொண்டுசெல்லட்டும். பல்லைப் பிடுங்க வேண்டும் என்று கூறப்பட்டால், படம் எடுத்துப் பார்த்தீர்களா, பல்லில் குறை தெரிகிறதா என்று பணிவுடன் கேட்கட்டும். பேருந்துக் கட்டணத்திற்கு நம் பங்காக ஒரு சிறு தொகையைப் பொருளாளரிடம் இன்று மாலை ஒப்படைக்கிறோம். விருப்பமுள்ள இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் தங்கள் பெயரை அவரிடம் பதிந்து செல்லலாம்.